சிறிய வானூர்தி புறப்படுகையில் கட்டுப்பாட்டை இழத்தல்

சிறிய வானூர்தி புறப்படுகையில் கட்டுப்பாட்டை இழத்தல் என்பது, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும் அல்லது அப்போதுதான் தரையை விட்டு எழும்பிய வானூர்தி, வானோடி விரும்பும் திசையிலும் நிலையிலும் செல்லாமல் போவதைக் குறிக்கும். பொறிக் கோளாறு, தவறான எடைப் பங்கீடு எனப் பல காரணங்களால் இது நிகழலாம். அவற்றுள் விட்டு விட்டு வீசும் பலத்த காற்றில் ஏற்படும் கட்டுப்பாட்டு இழப்பையே இக்கட்டுரை விளக்குகின்றது. சிறிய வானூர்தி என இங்கு குறிப்பிடப்படுவது செஸ்னா 172 போன்ற, ஒற்றைப் பொறியும் முன்சுழலியும் கொண்ட, சில இருக்கைகளே உள்ள வானூர்தியாகும். பறத்தல் பயிற்சி பெரும்பாலும் இத்தகைய வானூர்திகளிலேயே அளிக்கப்படுகின்றது.

முதல் பறப்பும் காற்றும்

இச்சிக்கல் வானூர்தி தோன்றிய நாளிலிருந்தே உள்ளது. 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று, ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிட்டி ஹாக் அருகே வில்பர் ரைட் தமது வானூர்தியை முதன்முதலாக எழுப்ப முயன்றார். மூக்கை அளவுக்கு மீறி மேலே தூக்கியதால் அது வேகம் இழந்து, மூன்றரை வினாடிகளில் மணலில் இறங்கிச் சேதமடைந்தது. அவ்வானூர்தியின் முதல் முயற்சியே புறப்படுகையில் கட்டுப்பாட்டை இழந்த நிகழ்வாக அமைந்தது எனலாம். அன்று காற்று மெலிதாகவே இருந்தது.

மூன்று நாட்களுக்குப் பின், டிசம்பர் 17 அன்று, நிலைமை வேறாக இருந்தது. மணிக்கு 20 முதல் 27 மைல் வரை குளிர்காற்று வீசியது. ஓர்வில் ரைட் 12 வினாடிகளில் 120 அடி தூரம் பறந்தார். தரையைப் பொறுத்து இது மணிக்கு ஏறத்தாழ 7 மைல் வேகமே. ஒரு மனிதன் மெதுவாக ஓடும் வேகம். எனினும் எதிர்க்காற்றையும் சேர்த்தால் இறக்கையின் மீது பாய்ந்த காற்றின் வேகம் மணிக்கு 30 மைல் அளவில் இருந்தது. வானூர்தியைத் தூக்கிப் பிடித்தது இந்த இரண்டாவது வேகமே. அன்றைய நான்காவது பறப்பு 59 வினாடிகள் நீடித்தது. அதன் பின்னர் தரையில் நின்றிருந்த வானூர்தியை வேகமாக வீசிய காற்று புரட்டிப் போட்டு உடைத்துவிட்டது. அது மீண்டும் பறக்கவில்லை.

தரையைப் பொறுத்த வேகம் வேறு, காற்றைப் பொறுத்த வேகம் வேறு என்பது இத்துறையின் அரிச்சுவடி. இக்கட்டுரையில் முன்னது தரைவேகம் எனவும் பின்னது காற்றுசார் வேகம் எனவும் குறிப்பிடப்படும்.

காற்று வீச்சு

காற்று ஒருபோதும் ஒரே சீராக வீசுவதில்லை. சில வினாடிகள் வலுத்து, பின் தணிந்து, மீண்டும் வலுக்கும். இவ்வாறு சில வினாடிகளுக்கு மட்டும் வலுக்கும் காற்றைக் காற்று வீச்சு என அழைக்கலாம். பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, வானூர்தி நிலைய வானிலை அறிக்கையில் கடந்த பத்து நிமிடங்களின் சராசரிக் காற்று வேகம் கொடுக்கப்படும். உச்ச வேகம் அச்சராசரியை விட 10 நாட் அல்லது அதற்கு மேல் கூடுதலாக இருந்தால் அதுவும் தனியே குறிக்கப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் ஆகும். ஆகவே "20 நாட், வீச்சு 30 நாட்" என்ற அறிக்கையைப் படிக்கும் வானோடி, 30 என்ற எண்ணை மட்டும் கண்டு அஞ்சுவது போதாது. இரண்டுக்கும் இடையிலுள்ள 10 நாட் ஏற்ற இறக்கமே அவர் முதலில் கவனிக்க வேண்டியது.

வீச்சுகள் தோன்ற ஓடுபாதையின் அருகிலுள்ள கொட்டகைகள், மரவரிசைகள், குன்றுகள் ஆகியன காரணமாகலாம். காற்று இவற்றின் மீது மோதிச் சுழல்களாக உடைந்து ஓடுபாதையின் குறுக்கே வரும். நண்பகலில் தரை சூடாகி எழும் வெப்பக்காற்றும் இவ்வாறே செய்யும். இவற்றை விடக் கொடியது இடிமழை. இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாற்புறமும் விரிந்து ஓடும். மழை வந்து சேர்வதற்கு முன்னரே, மேகம் இன்னும் பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே, இதன் முன்விளிம்பு ஓடுபாதையை அடைந்துவிடக்கூடும். அவ்வேளையில் காற்றின் திசை ஒரே நிமிடத்தில் முற்றிலும் மாறுவதும் உண்டு.

சிறிய வானூர்திக்கு ஏன் இது பெரிய சிக்கல்

இறக்கை உருவாக்கும் தூக்குவிசை காற்றுசார் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் சிறிது மாறினாலும் விசை பெரிதாக மாறும் என்பது இதன் பொருள். 60 நாட் வேகத்தில் எழும்பும் ஒரு சிறிய வானூர்தியை எடுத்துக்கொள்வோம். எதிரிலிருந்து 10 நாட் வீச்சு ஒன்று வந்தால் காற்றுசார் வேகம் 70 ஆகித் தூக்குவிசை 36 விழுக்காடு கூடும். வீச்சு நின்று, அதே அளவு காற்று தணிந்தால் வேகம் 50 ஆகித் தூக்குவிசை 31 விழுக்காடு குறையும். 140 நாட் வேகத்தில் எழும்பும் பயணிகள் தாரை வானூர்திக்கு இதே 10 நாட் மாற்றத்தால் ஏற்படும் கூடுதலும் குறைவும் 15 விழுக்காட்டிற்கு உட்பட்டவை. ஒரே காற்று, ஒரே ஓடுபாதை. ஒன்றுக்கு அது குலுக்கல், மற்றொன்றுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நிலையான காற்று வானில் உள்ள வானூர்திக்குத் தீங்கு செய்வதில்லை என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். காற்றோடு சேர்ந்து அது நகர்ந்து செல்லும், அவ்வளவே. ஆனால் காற்று திடீரென மாறும்போது, நிறைமம் காரணமாக வானூர்தி தனது பழைய தரைவேகத்தையே சிறிது நேரம் தக்கவைத்துக்கொள்கின்றது. அந்த இடைவெளியில் காற்றுசார் வேகம் உடனடியாகக் கூடவோ குறையவோ செய்கின்றது.

செஸ்னா 172 வகையின் எஸ் மாதிரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் கையேட்டின்படி 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும். மடிப்புகள் இறக்கப்படாத நிலையில், முழு எடையுடன், அது தூக்குவிசையை இழக்கும் வேகம் 48 நாட். இடையில் இருப்பது 7 நாட் மட்டுமே. வீச்சின் அளவோ 10 அல்லது 15 நாட்.

ஓடுபாதையில் ஓடும்போது

ஓட்டத்தின் தொடக்கத்தில் வானூர்தி ஒரு மூன்று சக்கர வண்டி. முடிவில் அது ஒரு பறவை. இடைப்பட்ட நேரத்தில் சக்கரமும் இறக்கையும் பாதிப்பாதி ஆட்சி செய்கின்றன. தொல்லைகள் பெரும்பாலும் இந்த இடைநிலையிலேயே தொடங்குகின்றன.

குறுக்குக் காற்று இருவிதமாக வேலை செய்கின்றது. முதலாவதாக, வானூர்தியின் வாலில் உள்ள செங்குத்துப் பரப்பு பெரியது, அது பின்பகுதியில் உள்ளது. பக்கத்திலிருந்து வரும் காற்று வாலைத் தள்ளுவதால் மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். கோபுரங்களில் உள்ள காற்றுத்திசைகாட்டி திரும்புவதும் இதே காரணத்தால்தான். இரண்டாவதாக, காற்று வரும் பக்கத்து இறக்கை மற்றதை விட முன்னதாகத் தூக்கப்படும். செஸ்னாவைப் போல இறக்கை உடலுக்கு மேலே அமைந்த வானூர்திகளில் இது தெளிவாக உணரப்படும்.

இவற்றுடன் சுழலியின் விளைவும் சேர்கின்றது. லைகாமிங், காண்டினென்டல் போன்ற அமெரிக்கப் பொறிகளில் சுழலி, வானோடியின் இருக்கையிலிருந்து பார்க்கையில், வலஞ்சுழியாகச் சுழல்கின்றது. முழு விசை கொடுக்கும்போது இது வானூர்தியை இடப்பக்கம் திருப்ப முயலும். சுழலி பின்னால் தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுழன்று சென்று வாலின் இடப்பக்கத்தில் மோதுவதும், பொறியின் எதிர்முறுக்கு இடச் சக்கரத்தை அழுத்துவதும் இதற்குக் காரணங்கள். எனவே வானோடி வலது மிதியை அழுத்திச் சுக்கானால் ஈடு செய்கின்றார். காற்று இடப்பக்கத்திலிருந்து வந்தால் காற்றும் சுழலியும் ஒரே பக்கம் இழுக்கும். வலப்பக்கத்திலிருந்து வந்தால் ஒன்றையொன்று ஓரளவு ஈடு செய்யும். ஆகவே ஒரே அளவு குறுக்குக் காற்றாயினும் இரு பக்கங்களும் சமமல்ல. டைகர் மாத் என்னும் பழைய பிரித்தானியப் பயிற்சி வானூர்தியின் ஜிப்சி மேஜர் பொறி எதிர்த்திசையில் சுழல்வதால் அதில் இது தலைகீழாகும்.

வாற்சக்கரம் கொண்ட வானூர்திகளில் நிறைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் உள்ளது. மூக்கு சிறிது திரும்பினால் வால் முந்திக்கொண்டு வர முயன்று, வானூர்தி தரையிலேயே வட்டமடித்து இறக்கை நுனியைத் தேய்த்துவிடும். மூக்குச்சக்கரம் கொண்டவை இவ்விதத்தில் அமைதியானவை.

குறுக்குக் காற்றின் அளவைக் கணக்கிட, காற்றின் வேகத்தை அது ஓடுபாதையுடன் அமைக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 20 நாட் காற்று 30 பாகை கோணத்தில் வந்தால் குறுக்குக் கூறு 10 நாட். அதே காற்று 20 பாகை விலகி 50 பாகை கோணத்தில் வந்தால் அது 15 நாட்டைத் தாண்டும். வேகம் சிறிதும் கூடாமலேயே சுமை ஒன்றரை மடங்காகிவிட்டது. செஸ்னா 172 எஸ் கையேட்டில் குறிக்கப்பட்டுள்ள குறுக்குக் காற்று அளவு 15 நாட் ஆகும். இது தடை வரம்பு அன்று. சோதனைப் பறப்பில் செய்து காட்டப்பட்ட அளவே. சோதனை வானோடியின் கைத்திறனும் அன்றைய காற்றின் சீர்மையும் அவ்வெண்ணுக்குள் அடங்கியுள்ளன என்பதை மாணவர்கள் மறந்துவிடுகின்றனர்.

எழும்பும் கணம்

தரைக்கு மிக அருகில், இறக்கையின் நீளத்தை விடக் குறைந்த உயரத்தில், தரை விளைவு எனப்படும் தோற்றப்பாடு உண்டு. இறக்கை நுனிகளில் உருவாகும் சுழல்களைத் தரை தடுப்பதால் இழுவை குறைகின்றது. போதிய வேகம் இல்லாத வானூர்தியும் மிதக்க முடிகின்றது. ஒரு வீச்சு வந்து வானூர்தியை உரிய வேகத்திற்கு முன்னரே தூக்கிவிட்டால், அது இந்த மெல்லிய அடுக்கில் தள்ளாடும். மேலே ஏற முயன்றால் இழுவை கூடி வேகம் குறையும். வீச்சு தணிந்தால் மீண்டும் சக்கரங்கள் தரையைத் தொடும். அதற்குள் குறுக்குக் காற்று வானூர்தியைப் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கும் என்பதே இதிலுள்ள இடர். பக்கவாட்டில் நகரும் சக்கரம் தரையைத் தொடும்போது தாங்கும் கால் முறியலாம், அல்லது வானூர்தி கவிழலாம்.

தூக்குவிசை இழப்பு

இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான கோணம் தாக்கு கோணம் எனப்படும். இது ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்று பிரிந்துவிடுகின்றது, தூக்குவிசை சரிகின்றது. இந்நிலையை வானோடிகள் ஸ்டால் என்பர். பொறி நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நாளிதழ்ச் செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன.

புறப்படும் வானூர்தி மூக்கை உயர்த்தி, முழு விசையுடன், குறைந்த வேகத்தில் ஏறுகின்றது. காற்று தணிந்து வேகம் குறையும்போது அது கீழிறங்கத் தொடங்கும். தரை நெருங்குவதைக் காணும் மனிதனின் கை இயல்பாகவே கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பால் இழுக்கும். இழுத்தால் மூக்கு இன்னும் உயர்ந்து தாக்கு கோணம் எல்லையைக் கடக்கும். செய்ய வேண்டியது இதற்கு நேரெதிர்: தண்டை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்பது. 100 அடி உயரத்தில் தரையை நோக்கி மூக்கைத் தாழ்த்துவது எவருக்கும் இயல்பாக வராது. பயிற்சியில் இது மீண்டும் மீண்டும் செய்விக்கப்படுவது அதனால்தான்.

மூக்கு ஒரு பக்கம் திரும்பிய நிலையில் ஸ்டால் ஏற்பட்டால் ஓர் இறக்கை மற்றதற்கு முன் விழும். அதனை எய்லரானால், அதாவது இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பரப்பால், தூக்க முயன்றால் அவ்விறக்கையின் தாக்கு கோணம் மேலும் கூடி நிலைமை மோசமாகும். இதிலிருந்து சுழன்று வீழ்தல் தொடங்கலாம். உயரத்தில் இதிலிருந்து மீளலாம். ஆனால் அதற்கு ஆயிரம் அடி அளவிலான உயரம் தேவைப்படலாம். புறப்பட்ட வானூர்திக்கு அவ்வுயரம் இருப்பதில்லை.

செயென் விபத்து, 1996

மேலே கூறப்பட்டவை யாவும் ஒன்றுசேர்ந்த நிகழ்வு 1996 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகரான செயெனில் நடந்தது. ஜெசிக்கா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடக்கும் மிக இளையவர் என்ற பெயரைப் பெறும் நோக்குடன், முந்தைய நாள் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே நகரிலிருந்து புறப்பட்டிருந்தாள். உடன் அவளது தந்தையும் ஒரு பறத்தல் பயிற்றுநரும் இருந்தனர். அவ்வயதில் உரிமம் பெற இயலாது என்பதால், சட்டப்படி வானூர்தியின் பொறுப்பு பயிற்றுநருடையது. வானூர்தி செஸ்னா 177பி வகையைச் சேர்ந்தது. வழியெங்கும் செய்தியாளர்கள் காத்திருந்தனர்.

செயென் வானூர்தி நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,150 அடி உயரத்தில் உள்ளது. உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கை, சுழலி, பொறி ஆகிய மூன்றும் வலுவிழக்கும், ஏற்றம் மந்தமாகும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் பறந்து பழகியவருக்கு இது வேறொரு வானூர்தி போலத் தோன்றும். மேலும், அன்று வானூர்தி அனுமதிக்கப்பட்ட எடையை விட 96 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 44 கிலோகிராம், கூடுதலாகச் சுமந்திருந்தது எனப் பின்னர் கணக்கிடப்பட்டது.

காலையில் இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. மழையில் பார்வைத் தொலைவு குறைந்தது. சற்று முன்னர் புறப்பட்ட மற்றொரு வானூர்தியின் வானோடி, தாழ்வான உயரத்தில் வேகம் 15 நாட் வரை கூடிக் குறைவதாக அறிவித்தார். காற்று 20 நாட், வீச்சு 30 நாட் எனக் கட்டுப்பாட்டுக் கோபுரம் தெரிவித்தது. பயிற்றுநர் சிறப்பு அனுமதி பெற்று, காலை 8:24 மணியளவில் வடமேற்கு நோக்கிய ஓடுபாதையிலிருந்து புறப்பட்டார். மூக்கு உயர்ந்து, இறக்கைகள் தள்ளாட, வானூர்தி மெதுவாக ஏறி வலப்பக்கம் திரும்பியதைப் பலர் கண்டனர். சில நூறு அடி உயரத்தில் அது தூக்குவிசையை இழந்து, குடியிருப்புப் பகுதித் தெரு ஒன்றில் ஏறத்தாழச் செங்குத்தாக வீழ்ந்தது. மூவரும் உயிரிழந்தனர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில், எடை மிகுந்த வானூர்தியில், பழக்கமில்லாத அடர்த்தி நிலையில் புறப்படப் பயிற்றுநர் எடுத்த முடிவையே முதன்மைக் காரணமாகக் கூறியது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் நெருக்கமான பயணத் திட்டமும் அம்முடிவைத் தூண்டின என்றும் அது குறிப்பிட்டது. பரவலாக நம்பப்பட்டதைப் போலச் சிறுமி ஓட்டியதால் விபத்து நேரவில்லை.

அறிக்கையில் கற்பதற்குரிய நுட்பம் ஒன்றுண்டு. வானூர்தி எதிர்க்காற்றிலிருந்து திரும்பிக் காற்றோடு செல்லத் தொடங்கும்போது தரைவேகம் கூடும். கீழே வீடுகள் விரைந்து பின்செல்வதைக் காணும் வானோடி, தனக்குப் போதிய வேகம் இருப்பதாக எண்ணி மூக்கை மேலும் தூக்கக்கூடும். காற்றுசார் வேகமோ கூடியிருக்காது. கிட்டி ஹாக்கில் வானூர்தியைத் தூக்கிய அதே வேறுபாடு, செயெனில் கண்ணை ஏமாற்றியிருக்கலாம்.

அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கச் சட்டமன்றம், உரிமமற்ற சிறுவர் சாதனைப் பறப்புகளில் வானூர்தியை இயக்குவதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

வானோடியின் கையாளுகை

குறுக்குக் காற்றில் ஓட்டத்தைத் தொடங்கும்போது, காற்று வரும் பக்கத்தை நோக்கி எய்லரான் கட்டுப்பாட்டை முழுவதும் திருப்பி வைத்து, அப்பக்க இறக்கை எழாமல் அழுத்துவது வழக்கம். வேகம் கூடக் கூட எய்லரானின் வலு கூடுவதால் திருப்பத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திசையைச் சுக்கான் காக்கும். கையும் காலும் எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்வதால் புதிய மாணவர்களுக்கு இது குழப்பமாகவே இருக்கும்.

வீச்சு மிகுந்த நாளில் வழமையை விடச் சில நாட் கூடுதல் வேகம் வரும்வரை சக்கரங்களைத் தரையில் வைத்திருந்து, பின் தயக்கமின்றி எழும்புவது நல்லது. எழும்பியதும் இறக்கைகளைச் சமன் செய்து, மூக்கைக் காற்றின் பக்கம் சிறிது திருப்பி, நண்டு நகர்வதைப் போல ஓடுபாதைக் கோட்டின் மேலேயே ஏறிச் செல்வர்.

முயற்சியைக் கைவிடும் இடத்தையும் முன்பே குறித்துக்கொள்வர். ஓடுபாதையின் பாதித் தொலைவைக் கடப்பதற்குள் எழும்பும் வேகத்தின் 70 விழுக்காட்டை எட்டாவிட்டால் விசையைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்பது பரவலான கணக்கு. திசை தவறினாலும் இதுவே செய்யத்தக்கது. ஓடுபாதை ஓரத்துப் புல்லில் மெதுவாக ஓடி நின்ற வானூர்தியில் பெரும்பாலும் எவருக்கும் காயம் இருப்பதில்லை. அதே வானூர்தியை ஓரத்தில் சாய்ந்தபடி வலிந்து எழுப்பினால் நிலைமை வேறு.

காற்றுப் பூட்டு

நிறுத்தி வைக்கப்பட்ட வானூர்தியின் அசையும் பரப்புகளைக் காற்று அடித்துச் சேதப்படுத்தாமலிருக்க அவற்றைப் பூட்டி வைப்பர். இப்பூட்டை எடுக்க மறந்து புறப்படுவதும் கட்டுப்பாட்டை இழக்கச் செய்யும். 1935 ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று ஒகையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற நான்கு பொறிக் குண்டுவீச்சு வானூர்தி இவ்வாறே செங்குத்தாக ஏறி, தூக்குவிசை இழந்து வீழ்ந்தது. அது சிறிய வானூர்தி அன்றெனினும், புறப்படுமுன் வாசித்துச் சரிபார்க்கும் பட்டியல் பரவலாவதற்கு அவ்விபத்தே வழிவகுத்தது. இன்று எல்லாச் சிறிய வானூர்திகளின் பட்டியலிலும், கட்டுப்பாடுகள் தடையின்றியும் சரியான திசையிலும் அசைகின்றனவா எனப் பார்க்கும் வரி இடம்பெறுகின்றது. செஸ்னா 172 இன் பூட்டுக் கம்பியில், அது செருகப்பட்டிருக்கும்வரை பொறியைத் தொடக்கும் சாவித் துளையை மறைக்கும் வகையில் ஓர் உலோகத் தகடு பொருத்தப்பட்டுள்ளது.